நீ விழுந்த நாளில் நான் சொல்லாமல் விட்டது

மகனே, இந்தக் காகிதங்களை நீயே வாசித்துவிடலாம் என்று பார்க்காதே. அம்மா கையில் கொடு, அவள் வாசிக்கட்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அரைப் பக்கம் போவதற்குள் "பஸ், போதும்" என்று போனை எடுத்துவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். என் ஆங்கிலம் முப்பத்திரண்டு வருஷம் ஆகுர்டி பைக் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதிப் பழகியது. அதற்கு ஓகே தெரியும், ரிஜெக்ட் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. இந்தியில் எனக்குச் சண்டை போட வரும், மராத்தியில் காய்கறி வாங்க வரும். இந்த விஷயத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது கூடப் பொய். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்துவிட்டேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், மூடித்தான் இருந்தது. பால்கனிக்குப் போனேன், வந்தேன். "கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி எதுக்கு இந்த நடை நடக்கிய?" என்று உன் அம்மா கேட்கிறாள். வரவு செலவு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ போனில் அனுப்பியிருந்தாயே ஒரு பேச்சு, அதனால் வந்த நடை இது. நீயும் உன் மூன்று நண்பர்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு குரூப் ஆரம்பித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் டிராக் டே நடத்தப் போகிறீர்கள். ரோட்டில் பைக்கில் பறப்பவர்களை மூடிய டிராக்கில், ஆம்புலன்ஸும் கொடிக்காரர்களும் வைத்து, ஒழுங்காக ஓட்டவிடுவது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. காலையில் ஓட்ட வந்தவர்களை நிற்கவைத்து நீ சொல்லப் போகும் பேச்சைத்தான் எனக்கு அனுப்பியிருந்தாய். அதில் நீ விழுந்த கதை வருகிறது. 'என் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷம் வண்டிகளைப் பரிசோதித்த என் அப்பா சொன்னார். தப்பு என் கையில். நான் லேட்டாகப் பிடித்தேன். இன்று உங்கள் வண்டிகளைப் பார்க்கப் போகிறவரும் அவர்தான்.' கீழே எனக்கு ஒரு குறிப்பு வேறு: "அப்பா, இந்த லைன் ஓகேவா?" ஓகேவாம்! அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது பேர் முன்னால் நீ ஒரு பொய்யைச் சொல்லப் போகிறாய். அது பொய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும், ஆனால் நேராக வர எனக்குத் தைரியம் போதவில்லை. போன மாதம் நீ கேட்டாய், "இங்க டிராக் டே நடத்துற குரூப்புல எது பெஸ்ட் அப்பா?" என்று. "எல்லாம் ஒண்ணுதான் போல" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவும் பொய். எல்லாம் ஒன்றில்லை. நீ விழுந்த பிறகு இந்த இரண்டு வருஷத்தில் பூனாவைச் சுற்றி யார் டிராக் டே நடத்தினாலும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்றிருக்கிறேன். கோர்படியில் முட்டுவலியோடு கிடக்கும் பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவளும் அவனுக்கென்று முறுக்கு கட்டிக் கொடுப்பாள். வாசித்துக்கொண்டிருக்கிறவளே, முறுக்கை எல்லாம் நான்தான் தின்றேன், இங்கே நிறுத்தாதே, மேலே வாசி.

முதலில் பார்த்தது சிவப்பு டிஷர்ட் போட்ட கூட்டம். அடேயப்பா, என்ன ஏற்பாடு! வாசலிலேயே போஹா, ஜிலேபி, மைக்கில் பாட்டு, மூன்று போட்டோக்காரர்கள், தலைக்கு மேலே ட்ரோன். கல்யாண வீடு தோற்றது போ. ஏழரைக்கு ஆரம்பிக்க வேண்டும். ஆம்புலன்ஸைக் காணோம். நடத்துகிறவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆ ரஹீ ஹை, ஆ ரஹீ ஹை" என்றபடியே முதல் கூட்டத்தை உள்ளே விட்டுவிட்டான். வந்துகொண்டிருக்கிற ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் இரண்டு கூட்டம் ஓட்டி முடித்தது. புதியவர்கள் தனியாக, வேகமானவர்கள் தனியாக என்று பேப்பரில் மூன்று பிரிவு போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு வேகக்காரனுக்குத் தன் கூட்டாளியோடு சேர்ந்து ஓட்ட ஆசை வந்ததும் அவனைப் புதியவர்களோடு சேர்த்துவிட்டார்கள். முதல் தடவை டிராக்கைப் பார்க்கிற ஒரு பிள்ளையின் முழங்கையை உரசுகிற மாதிரி அவன் உள்பக்கமாகப் புகுந்து போனான். மூலையில் மஞ்சள் கொடி பிடித்திருந்தவன் மறுகையில் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, மத்தியானம் இரண்டு மணி வரை அவனுக்கு ஒருவரும் சாப்பாடு கொண்டு போகவில்லை. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொடிக்காரர்கள் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடு. பசியோடு வெயிலில் நிற்கிறவன் யாருடைய உயிரையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

இரண்டாவது, வானவடியில் இருக்கும் அந்த ரிட்டயர்டு ராணுவக்காரர் நடத்துவது. அங்கே பாட்டும் கிடையாது, ஜிலேபியும் கிடையாது. டீ கூட வெந்நீர் மாதிரி இருந்தது. பாம்பேயிலிருந்து பெரிய வெளிநாட்டு வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவனுக்குக் கையுறையில் விரல் நுனி கிழிந்திருந்தது, உள்ளே விடவில்லை. "இத்தனை தூரம் வந்திருக்கேன்" என்று அவன் குதித்தான். "வாபஸ் கா ராஸ்தா பீ உத்னா ஹீ ஹை" என்றார் மனுஷன், திரும்பிப் போகவும் அதே தூரம்தான் என்று, தலையைக்கூட நிமிர்த்தாமல். பதினோரு மணிக்கு ஒருவன் விழுந்து கழுத்தெலும்பு போயிற்று. ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு வெளியே போனதும் சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டார். ஆம்புலன்ஸ் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். பணம் கட்டியவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் நேராகவே கேட்டார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நீ பின்னாளில் அவரிடம் போய்த்தான் மறுபடி ஓட்டக் கற்றாய் என்பது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

அங்கே பார்த்த இன்னொன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் அவரே ஓட்டப் போனார். சொந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பரிசோதனை மேஜை முன்னால் வரிசையில் நின்றார், அவருக்கு முன்னால் நாலு பேர். மேஜையில் இருந்தது உன் வயசு கூட இருக்காத ஒரு பெண். டார்ச் அடித்து, குனிந்து, செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சர், செயின் டீலி ஹை" என்றாள். செயின் தொய்ந்திருக்கிறதாம், அவளைச் சேர்த்துக்கொண்டவரிடமே சொல்கிறாள்! அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், செயினை இறுக்கி, மறுபடி வரிசையின் கடைசியில் வந்து நின்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் மூன்றாவது குரூப், நீ விழுந்த குரூப், நம் குரூப். அங்கே எல்லாரும் பாவு, அண்ணன் தம்பி, எல்லாரும் ஒரே குடும்பம். உன் நண்பனின் அண்ணன் நடத்தியது. நான் ஃபாக்டரியில் கடைசிப் பரிசோதனை மேஜையில் இருந்தவன் என்று தெரிந்ததும் எனக்கு நாற்காலி என்ன, டீ என்ன! நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு மேஜைக்கு வந்தாய். அங்கிருந்த பையன் சக்கரத்தின் பக்கம் குனிந்தான், பிரேக்கின் போல்ட்டில் என் மஞ்சள் கோட்டைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "காகா, தும்ஹீச் கேலய் நா? மக் பகாய்ச்ச காய்!" என்று சிரித்தான். நீங்களே செய்திருக்கிறீர்கள், அப்புறம் நான் என்ன பார்க்க என்று. வண்டியில் பாஸ் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். அவனைத் தடுத்து "இல்லடா தம்பி, நீ பாரு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்துப் பேர் பார்க்க எனக்குக் கிடைத்த மரியாதையில் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். உனக்கும் அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த மஞ்சள் கோட்டைப் பற்றி உனக்குத் தெரியும். சின்ன வயசில் அந்தப் பெயின்ட்டை எடுத்துச் சுவரில் எல்லாம் கோடு போட்டு உதை வாங்கியிருக்கிறாய். ஃபாக்டரி லைனில் ஒருவன் போல்ட்டை டார்க் ரெஞ்சால், அதுதான் அளவான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் ஸ்பானர், அதால் இறுக்குவான். வேறொருவன் அதைச் சோதித்துவிட்டு போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுப்பான். கோடு இருந்தால் வேலை முடிந்தது. இறுக்குகிறவன் கோடு போடக் கூடாது, கோடு போடுகிறவன் இறுக்கக் கூடாது. இந்த விதியை மீறினான் என்று ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை நான் ஒரு தடவை லைனை விட்டே அனுப்பியிருக்கிறேன். பாவம், அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

நீ விழுந்ததற்கு முந்தின நாள் மாலை, நம் பில்டிங் பார்க்கிங்கில், உன் வண்டிக்கு முன் பிரேக்கின் பேடுகளை மாற்றினேன். நீ செய்கிறேன் என்றாய், "நீ போலே, உனக்கு என்ன தெரியும்" என்று மேலே அனுப்பிவிட்டேன். டிஸ்க்கைக் கவ்வுகிற அந்தக் கேலிப்பரைத் திரும்ப மாட்டி, இரண்டு போல்ட்டையும் கையால் திருகி வைத்தேன். பெயின்ட் மூடி திறந்தே இருந்தது, காய்ந்துவிடுமே என்று முதலில் கோட்டை இழுத்துவிட்டேன். கோடு போட்டுவிட்டு ரெஞ்சை எடுக்கலாம் என்று நினைப்பு. அப்போது கீழ் வீட்டுக் குல்கர்ணி அம்மா, ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். பெரிய மெக்கானிக் அல்லவா நான், போனேன். பெருமையாகக் கால் மணி நேரம் அதை நோண்டிச் சரி செய்துவிட்டு வந்து பார்த்தேன். இரண்டு போல்ட்டிலும் அழகாக மஞ்சள் கோடு. முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கோட்டை நம்பிய கண்ணுக்கு அது போதும். கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். ரெஞ்சு அந்தப் போல்ட்டைத் தொடவே இல்லை.

மூன்றாவது தடவை நீ உள்ளே போனபோது, நேர் ரோட்டின் முடிவில், வண்டி வளையாமல் நேரே போய் மண்ணில் பாய்ந்து உருண்டது. கொடிக்காரர்கள் உன்னிடம் ஓடினார்கள். நானும் உன்னிடம்தான் ஓடி வந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருப்பாய். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் உன்னிடம்தான் ஓடினேன். ஆனால் வழியில் வண்டி கிடந்தது. கேலிப்பர் ஒரே போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் நீ இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு சொன்னாய், "அப்பா, லீவர் ஏக்தம் காலியா போச்சு. புடிச்சேன், ஒண்ணுமே இல்ல." நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஏல, நான் பாத்துட்டேன்லா. பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. பயத்துல அப்படித்தான் தெரியும். நீ லேட்டா புடிச்சிருக்க." வாயைத் திறந்தேன், அது தானாக வந்துவிட்டது. நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். பிறகு தலையாட்டினாய். நம்பிவிட்டாய். உன் சொந்தக் கையை விட என் வார்த்தையை நம்பினாய்.

உருண்டதில் கழன்றுவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேறு இரண்டு போல்ட் வாங்கி மாட்டி, இந்தத் தடவை ரெஞ்சு போட்டு, கோடும் போட்டு வைத்தேன். உன் கையில் தகடு வைத்தார்கள். ஊரிலிருந்து உன் மாமா வந்து கேட்டபோது, உன் முன்னாலேயே, "அவசரக்காரன், என்ன செய்ய" என்றேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ வண்டியை விற்கிறேன் என்ற அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், உன் அம்மா கூட "ஏதாவது சொல்லுங்களேன், பையன் சாப்பிட மாட்டேங்கான்" என்று கெஞ்சினாள். இனி ஓட்டாமலே இருந்தால் உயிராவது மிஞ்சும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த மேஜையில் நான் வாங்கிய பேர் போய்விடுமே என்று பயந்தேன், வேறொன்றும் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான், அதைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்துவிட்டேன். இப்போது நீ மற்றவர்களை விட இருபது அடி முன்னாலேயே பிரேக் பிடிக்கிறாய் என்று உன் நண்பன் கேலி செய்கிறான், நீயும் சிரித்துக்கொண்டு "என் கை ஸ்லோ" என்கிறாய். 

இதை வாசிக்கிறவளே, அழாதே, அழுதால் அவனுக்குப் புரியாது. கொஞ்சம்தான் பாக்கி. என்னைத் திட்டுவதானால் முடித்துவிட்டுத் திட்டு, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், கீழே பார்க்கிங்கில்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பரிசோதனை மேஜையிலிருந்து என் பேரை அடித்துவிடு. அந்த வானவடிக்காரரின் மேஜையில் இருந்த பெண்ணைக் கேட்டுப் பார், வந்தால் கையோடு கூட்டிக்கொள். உன் தயவு தேவைப்படாத ஆளாக, உன்னைப் பார்த்து அசடு வழியாத ஆளாக ஒருவர் அங்கே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். உன் வண்டியும் வரிசையில் நிற்கட்டும், உன் நண்பர்கள் வண்டியும் நிற்கட்டும். எனக்கு அங்கே வேலை வேண்டுமென்றால் கொடிக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டு போகிறேன். இல்லை, அப்பா வரவே வேண்டாம் என்றால் அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பிரேக்கைப் பற்றிய அந்த வரிகளை மட்டும் நீ சொல்லக் கூடாது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவன் நான். இரண்டு நிமிஷம் கொடுத்தால் நானே உன் முப்பது பேர் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், போல்ட்டை இறுக்காமல் கோடு போட்டவன் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களில் ஒருவனாவது அப்பன் பார்த்த வண்டி, அண்ணன் பார்த்த வண்டி என்று வந்திருப்பான். அவன் அதைக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், கை வரவில்லை. நீ விழுந்து இரண்டாம் நாள், நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் திரும்ப அந்த டிராக்குக்குப் போனேன். காணாமல் போன போல்ட்டைத் தேடத்தான் போனேன், வேறு யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாதே என்று. அவ்வளவு மோசமான எண்ணத்தோடு போனவன் கண்ணில்தான் அது பட்டது. நீ பாய்ந்த மண் வரைக்கும் உன் பின் சக்கரம் போட்ட கறுப்புத் தடம். முன் பிரேக் கைவிட்டதும் நீ காலால் மிதித்த பிரேக்கின் தடம். அது எங்கே ஆரம்பிக்கிறது என்று குனிந்து பார்த்தேன், முன்னும் பின்னும் நடந்து அடி வைத்து அளந்தேன். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் என்று காலையில் அவர்கள் வைத்துக் காட்டிய ஆரஞ்சுக் கூம்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. தடம் அதற்கு ஒன்றரை அடி முன்னாலேயே ஆரம்பித்திருந்தது. நீ லேட் இல்லடா. லீவர் காலியான பிறகும் பதறாமல், கால் போக வேண்டிய இடத்துக்கு, போக வேண்டிய நேரத்தில் போயிருக்கிறது. உன் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தடத்தின் பக்கத்தில் நின்று இதைத் தெரிந்துகொண்டவன், உன்னிடம் சொல்ல இரண்டு வருஷமும் மூன்று மாதமும் எடுத்துக்கொண்டேன்.